துப்பு படத்தில் இருக்கட்டும்: கியா பார்மில் ஒரு துப்பறியும் படத்தொடர்

வீட்டில் உட்கார்ந்து துப்பறியும் படத்தொடர் வரைய நினைப்பவர் பெரும்பாலும் துப்பறிவாளரிலிருந்துதான் தொடங்குகிறார். நீண்ட கோட்டு, சாய்த்து வைத்த தொப்பி, கையில் பூதக்கண்ணாடி. ஆள் தயாரான பிறகு அவருக்கு ஒரு வழக்குத் தேடுகிறார். வழக்குக் கிடைத்த பிறகு அதை எப்படி முடிப்பது என்று யோசிக்கிறார். பத்துப் பதினைந்து கட்டம் வரைந்ததும் கதை நின்றுவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. முதலில் முடிவு, அடுத்து முடிவைக் காட்டிக்கொடுக்கும் துப்பு, பிறகு அந்தத் துப்பு இயல்பாகக் கிடக்கும் இடம், கடைசியில் அதைக் கவனிக்கத் தெரிந்த ஓர் ஆள். இதற்குக் காரணம் ஒன்றே: படத்தொடரில் துப்பு வரையப்பட்டிருக்க வேண்டும். துப்பறிவாளர் வாயால் சொல்லும் துப்பு வாசகருக்குக் கிடைத்த துப்பு ஆகாது. வேறொருவர் கண்டுபிடித்ததை அவர் கேள்விப்படுகிறார், அவ்வளவுதான்.

பழைய நாளிதழ்த் தொடர்களைப் பார்த்தால் இது விளங்கும். செஸ்டர் கோல்டின் டிக் டிரேசி 1931 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. மட்டமான செய்தித்தாள் காகிதத்தில், உள்ளங்கை அகலக் கட்டத்தில் அச்சாகப்போகிறது என்று தெரிந்தே கோல்ட் வரைந்தார். தட்டைத் தலை பிளாட்டாப், முகமெல்லாம் சுருக்கமான புரூன்பேஸ் என்று அவருடைய வில்லன்களை வெளிக்கோட்டை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். முக்கியமான பொருளுக்கு அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதினார். 1946 மார்ச்சில் அலெக்ஸ் ரேமண்ட் தொடங்கிய ரிப் கிர்பி வேறு வழியில் போனது. அம்புக்குறி கிடையாது, அறையின் சாமான்களும் வெளிச்சமும் நிழலும் அவ்வளவு நிதானமாக வரையப்பட்டிருக்கும். இரண்டு பேருக்கும் பொதுவான நம்பிக்கை, வாசகர் படத்தைத்தான் முதலில் பார்ப்பார், எழுத்தைப் பிறகுதான் படிப்பார் என்பது.

தமிழுக்கு இந்த நம்பிக்கை இன்னும் அதிகம் தேவை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கி, வெளிநாட்டுத் துப்பறிவாளர்களைத் தமிழ் பேச வைத்தன. ஆங்கிலத்துக்காக வரைந்த பலூனுக்குள் தமிழ் வசனத்தைப் பொருத்துவது எவ்வளவு நெருக்கடியான வேலை என்பது அந்தப் பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். தமிழ்ச் சொல் விகுதியைச் சேர்த்துக்கொண்டு நீளும். ஒன்பது சென்டிமீட்டர்க் கட்டத்தில், கையால் எழுதும்போது, ஒரு பலூனில் பத்துப் பன்னிரண்டு சொல் தாங்கும். ‘நீ இங்கே வந்ததாகச் சொன்ன நேரம் பொய், ஏனென்றால்’ என்று துப்பறிவாளர் விளக்க ஆரம்பித்தால் கட்டம் முழுக்க எழுத்தாகிவிடும். நாவலில் இது குறை ஆகாது. தமிழ்வாணனின் சங்கர்லால் பக்கக்கணக்கில் பேசலாம், ஏனெனில் நாவல் வாசகருக்குச் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. படத்தொடருக்கு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

ஏன் கியா பார்ம்?

இந்த அத்தியாயத்தின் மாதிரிக் கதை மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள கியா பார்மில் நடக்கிறது. கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல், சாலையை ஒட்டிய காய்கறிச் சந்தை. ஸ்ட்ராபெரி, சோளம், சர்க்கரைவள்ளி, தேன், தேயிலைப் பொட்டலம் விற்கும் கடைகள். சற்றுத் தள்ளி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் பிரியும் பாதை. வார இறுதியில் கார்களும் லோரிகளும் நகர முடியாமல் நிற்கும். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் எதிர்க்கடை மறைந்துவிடும். துப்பறியும் கதைக்கு வேண்டிய கூட்டம், மறைவு, நேரக்கணக்கு மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன.

நியூயார்க் தெருவையோ லண்டன் பனியையோ வரைந்தால்தான் பழைய நாளிதழ்த் தொடரின் மணம் வரும் என்று ஒரு வாதம் உண்டு. அந்தத் தொடர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அளவு: நாளுக்கு மூன்று கட்டம், கறுப்பு வெள்ளை, கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி. கோட்டும் தொப்பியும் அந்த ஊரின் குளிருக்கும் அந்தக் காலத்துக்கும் உரியவை. பார்க்காத ஊரை வரைபவர் இன்னொருவர் படத்தைப் பார்த்துத்தான் வரைய முடியும், அதில் உள்ள துப்பைச் சோதித்துப் பார்க்கவே முடியாது. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு நாள்தோறும் சில கட்டங்கள் என்ற அதே அளவை எடுத்துக்கொண்டு சிந்துபாத்தை ஓடவிட்டது. அளவு எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதற்கு அதுவே சான்று.

நீங்கள் இருக்கும் ஊர் வேறாக இருந்தால் கியா பார்ம் என்று வருமிடமெல்லாம் உங்கள் ஊரைப் போட்டுக்கொள்ளுங்கள். செய்முறை மாறாது.

தேவையான பொருள்கள்

ஏ4 அளவில் சற்றுத் தடித்த வரைதாள் (மெல்லிய அச்சுத்தாளில் மை ஊறும்), எச்பி பென்சில், நல்ல அழிப்பான், 0.3 மற்றும் 0.8 மில்லிமீட்டர் நீர்புகா மைப்பேனாக்கள், பெரிய கறுப்புப் பகுதிகளுக்கு ஒரு தூரிகைப் பேனா, இரும்பு அளவுகோல், வெள்ளைத் திருத்தப் பேனா. இவ்வளவு போதும். கைபேசியிலோ பலகைக் கணினியிலோ வரைபவர்களுக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும்; மை காயும் பிரச்சினை மட்டும் அவர்களுக்கு இல்லை.

முடிவிலிருந்து பின்னோக்கி

கோல்டே முடிவைத் தீர்மானிக்காமல் நாளுக்கு நாள் கதை வளர்த்தவர்தானே, நாம் ஏன் முடிவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கே அது கைகொடுக்காத நேரம் வந்தது. டிரேசியைத் தப்பிக்கவே வழியில்லாத குழிக்குள் மாட்டிவிட்டு, கடைசியில் கதாபாத்திரம் ஓவியரையே உதவிக்குக் கூப்பிடுவதாக வரைந்தார். பத்திரிகை அதிபர் ஜோசப் பாட்டர்சன் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். நாற்பத்தாறு ஆண்டு அதே தொடரை வரைந்த மனிதர் சிக்கிக்கொண்ட இடத்தில், முதல் கதை வரைபவர் சிக்காமல் இருக்க முடியாது. தவிர அவருக்கு மறுநாள் இதழ் உறுதியாக இருந்தது. உங்களுக்கு இருப்பது ஆறு தாள்.

கேமரன் மலை என்றதும் பலர் ஜிம் தாம்சனை நினைப்பார்கள். தாய்லாந்துப் பட்டு வணிகரான அவர் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில் தானா ராத்தா அருகிலுள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. போலீஸும் படையினரும் பூர்வகுடி மக்களும் காட்டைச் சலித்தார்கள். எந்தத் தடயமும் அகப்படவில்லை. இதை அப்படியே படத்தொடராக்க ஆசை வருவது இயல்பு. முதல் கதைக்கு இதை எடுக்காதீர்கள். முடிவு இல்லாத வழக்கில் துப்பு எது, தற்செயல் எது என்று பிரிக்க முடியாது. எதை வரைவது என்று உங்களுக்கே தெரியாது. நடந்த சம்பவத்துக்கு நீங்களாக ஒரு முடிவு கட்டினால், உண்மையான மனிதர்கள்மேல் பழி விழும்.

வேலையின் வரிசை இது:

1. யார் செய்தார், எப்படிச் செய்தார், ஏன் செய்தார் என்று மூன்று வரி எழுதுங்கள். கொலை வேண்டாம். கடையின் பணடப்பா காணாமல் போவது பன்னிரண்டு நாள் கதைக்குப் போதுமான குற்றம்.

2. குற்றவாளி சொல்லும் ஒரே ஒரு பொய்யைத் தீர்மானியுங்கள். நேரம் பற்றிய பொய்யாக இருந்தால் நல்லது, ஏனெனில் நேரம் பொருள்களில் தடம் விடும்.

3. அந்தப் பொய்யை எந்தப் பொருள் காட்டிக்கொடுக்கும்? வரைந்தால் அடையாளம் தெரியும் பொருளாக இருக்க வேண்டும். வாசனை, சத்தம், சுவை மூன்றையும் தள்ளுங்கள்.

4. அந்தப் பொருள் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்று குறியுங்கள். குறைந்தது மூன்று முறை வர வேண்டும்.

5. இதைக் கவனிக்க யாருக்குப் பழகிய கண் இருக்கும்? அவரே துப்பறிவாளர்.

நம் மாதிரிக் கதையில் இவை இப்படி அமைகின்றன. கியா பார்ம் கடையொன்றில் சனிக்கிழமை வசூல் வெள்ளி நோட்டுகளாக இருந்த டப்பா பனிமூட்டத்தில் காணாமல் போகிறது. எடுத்தவர் கடையின் கூட்டாளி. காலையிலேயே தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கி வந்து, மறைவாகக் காத்திருந்து எடுத்தார். மாலையில் மூச்சு வாங்க வந்து நின்று, இப்போதுதான் தோட்டத்திலிருந்து இறங்கி வருவதாகச் சொல்கிறார். காட்டிக்கொடுப்பது அவருடைய ரப்பர் பூட்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் நசுங்கிய கொழுந்து. தேயிலை நசுங்கிக் காற்றுப் பட்டால் செம்பழுப்பாக மாறும். கறுப்புத் தேயிலை செய்வதன் அடிப்படையே அதுதான். அப்போதுதான் மிதித்த இலை பச்சையாக இருக்கும். காலையில் மிதித்தது கறுத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டதும் புரிந்துகொள்பவர் யார்? தொழிற்சாலையில் இலை தரம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. கோட்டும் தொப்பியும் தேவைப்படவில்லை, கம்பளிச் சட்டையும் குடையும் போதும். உதவிக்கு ஒரு பேரன்.

துப்பைச் சோதித்துப் பாருங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. கதை சரிகிறது என்றால் முக்கால்வாசி இங்கேதான் சரியும். புத்தகத்தில் படித்த துப்பு உங்கள் ஊரில் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். துப்பறியும் கதைகளில் அடிக்கடி வரும் ஒன்று: மழைக்குப் பிறகு லோரி நகர்கிறது, அடியில் தரை காய்ந்திருக்கிறது, ஆகவே மழைக்கு முன்பே லோரி அங்கே நின்றிருந்தது. சமவெளியில் இது அருமையான துப்பு. கியா பார்ம் சாலை சரிவானது. மேலிருந்து ஓடிவரும் மழைநீர் லோரியின் அடியையும் நனைத்துக்கொண்டு போகும். இந்தத் துப்பை அங்கே வரைந்தால் உள்ளூர் வாசகர் முதல் பார்வையிலேயே பொய் என்று சொல்லிவிடுவார். நிழல் விழும் திசையை வைத்து நேரமும் திசையும் சொல்லும் துப்பும் அப்படித்தான். அந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறது. நண்பகல் சூரியன் சில மாதம் வடக்கே சாய்ந்திருக்கும், சில மாதம் தெற்கே. பிற்பகலில் பனி வந்தால் நிழலே இருக்காது.

தேயிலைத் துப்பைச் சோதிப்பது எளிது. தோட்டத்தில் அனுமதி கேட்டு ஒரு கைப்பிடி கொழுந்து வாங்குங்கள். சிலவற்றை அப்படியே வையுங்கள். சிலவற்றைச் செருப்பால் நன்றாக மிதித்து நசுக்குங்கள். கால் மணிக்கு ஒரு முறை கைபேசியில் படம் எடுங்கள். முழு இலை அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது, நசுங்கியது மாறும். மலைக் குளிரில் மாற்றம் கீழ்நாட்டைவிட மெதுவாக நடக்கும். உங்கள் படங்கள் காட்டும் நேரத்தை வைத்தே கதையின் நேரக்கணக்கை எழுதுங்கள். காலைக்கும் மாலைக்கும் நடுவே நான் விட்டிருக்கும் இடைவெளி அதற்காகத்தான். அரை மணி நேர வித்தியாசத்தை நம்பிக் கதை கட்டினால் சோதனை உங்களைக் கைவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையையும் பழுப்பையும் எப்படிக் காட்டுவது என்ற சந்தேகம் இங்கே எழும். பச்சை இலைக்கு வெளிக்கோடு மட்டும். பழுப்பான இலைக்கு உள்ளே நெருக்கமான சாய்கோடு. ஆனால் இந்த வழக்கத்தை முதல் நாளிலேயே வாசகருக்குப் பழக்க வேண்டும். பாட்டி வீட்டு முறத்தில் வெள்ளை இலையும் கோடிட்ட இலையும் தனித்தனியாகக் கிடப்பதை முதல் நாள் படத்தில் காட்டிவிடுங்கள். பேரன் கேட்கட்டும்: “பாட்டி, இது ஏன் கறுத்திருக்கு?” பாட்டி சொல்லட்டும்: “நேத்து கசங்கினது, தம்பி.” இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

பன்னிரண்டு நாள், முப்பத்தாறு கட்டம்

நாளிதழ்த் தொடர்கள் ஒரே வழக்கை வாரக்கணக்கில் நடத்தின. வீட்டில் முதல் முறை வரைபவருக்குப் பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று கட்டம் என்பது முடிக்கக்கூடிய அளவு. மாதிரிக் கதையின் பங்கீடு:

1. முதல் நாள்: பாட்டி, பேரன், முறத்தில் இரண்டு வகை இலை.
2. சந்தை, பனி, டப்பா காணவில்லை.
3. பேரன் தோட்டத்துப் பாதையில் ஓடி வருகிறான். பூட்ஸில் ஒட்டிய இலையைச் சுரண்டுகிறான். இலை வெள்ளை.
4. லோரி ஓட்டுநரின் சட்டையில் கறை. எல்லோரும் அவரைச் சந்தேகிக்கிறார்கள்.
5. கூட்டாளி வருகிறார். பூட்ஸின் அடி. இலை கோடிட்டது.
6, 7, 8. கறையைத் துரத்தும் பொய்த்தடம். கடைசியில் அது ஸ்ட்ராபெரி.
9. கூட்டாளியின் பூட்ஸ் இன்னொரு முறை, ஒரு மூலையில், சின்னதாக.
10. பாட்டி இலையை மிதித்துவிட்டுக் காத்திருக்கிறார்.
11. இரண்டு பூட்ஸ் பக்கத்தில் பக்கத்தில்.
12. டப்பா கிடைக்கிறது, கூட்டாளி ஏன் செய்தார் என்று சொல்கிறார்.

துப்பை வரைந்துவிட்டால் வாசகர் ஐந்தாம் நாளே கண்டுபிடித்துவிடுவாரே என்பது அடுத்த எதிர்ப்பு. இதற்கு விடை கட்டங்களின் வரிசையில் இருக்கிறது. மூன்று கட்டத் தொடரில் வாசகரின் கண் மூன்றாவது கட்டத்துக்கு விரைகிறது, கொக்கி அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே துப்பு நடுக்கட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்தாம் நாளை இப்படி வரையலாம். முதல் கட்டத்தில் பனியிலிருந்து கூட்டாளி வெளிப்படுகிறார்: “என்ன பாட்டி, ஒரே கூட்டமா இருக்கு?” இரண்டாவதில் முக்காலியில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக் காலை நீட்டுகிறார், பூட்ஸின் அடி நம் பக்கம் தெரிகிறது: “இப்பதான் தோட்டத்துல இருந்து நேரா இறங்கி வர்றேன்.” மூன்றாவதில் பேரன் தூரத்திலிருந்து கத்துகிறான்: “பாட்டி! டப்பாவோட மூடி கிடைச்சிடுச்சு!” மூடியைப் பார்க்க ஓடும் வாசகர் பூட்ஸைக் கடந்து போவார். சிலர் நின்று பார்ப்பார்கள். அவர்கள் கண்டுபிடித்தால் உங்கள் கதை தோற்றுவிடவில்லை. பாட்டிக்கு முன்னால் கண்டுபிடித்த வாசகர்தான் பக்கத்து வீட்டாருக்கு இதைக் கொண்டுபோய்க் காட்டுவார்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, பாட்டியின் கண்கள் பூட்ஸைப் பார்ப்பதாக வரைவது. வரையப்பட்ட கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வாசகரின் கண்ணும் போகும். பத்தாம் நாள் வரை பாட்டி வேறெங்கோ பார்க்கட்டும்.

இன்னொன்று, நாள்தோறும் முதல் கட்டத்தில் நேற்றைய கதையைச் சொல்வது. நாளிதழுக்கு அது தேவைப்பட்டது, ஒரு நாள் இதழைத் தவறவிட்டவர் இருப்பார். உங்கள் தொடரைச் சிறு புத்தகமாகக் கட்டினால் அந்த நினைவூட்டல் எரிச்சலூட்டும். இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள்.

எழுத்து முதலில், படம் பிறகு

தாளைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, 27 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இரண்டு பட்டைகளைப் பென்சிலால் போடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 8.6 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று கட்டம், நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தாளுக்கு இரண்டு நாள். முழுக்கதைக்கு ஆறு தாள். நகலெடுக்கும்போது 71 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் ஏ5 அளவுக்கு வரும், கோடுகளின் நடுக்கமும் குறையும்.

1. முதலில் வசனத்தைப் பென்சிலால் எழுதுங்கள். எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சுருக்கிய பிறகும் படிக்க வேண்டும்.

2. எழுதிய பிறகு அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். பலூனைப் போட்டுவிட்டு எழுத்தை நுழைப்பவர்களுக்குத் தமிழ் இடம் கொடுக்காது.

3. சொல்லை உடைக்க நேர்ந்தால் ஒலி முடியும் இடத்தில் உடையுங்கள். ‘கொ’வின் கொம்பு ஒரு வரியிலும் கால் மறு வரியிலும் நிற்கக் கூடாது.

4. பலூன் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வசனத்தை வெட்டுங்கள், படத்தைச் சிறிதாக்காதீர்கள்.

5. எல்லாக் கட்டத்துக்கும் பென்சில் முடிந்த பிறகே மை. துப்பு வரும் மூன்று கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூட்ஸ் ஒன்றேபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு வரைய வராதே என்ற தயக்கத்துக்கு இந்த மலைக்குக் கீழே, பேராக்கில், நல்ல விடை இருக்கிறது. மலேசியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் லாட்டின் முதல் புத்தகம் ‘தீகா செகாவான்’ 1964இல் வெளிவந்தது. மூன்று நண்பர்கள் திருடர்களைப் பிடிக்கும் கதை. அப்போது அவருக்கு வயது 13. சினாரான் பிரதர்ஸ் என்ற பதிப்பகம் அவரைப் பெரியவர் என்று நினைத்து 25 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்த வயதில் யாருக்கும் உடற்கூறு முழுசாக வசப்பட்டிருக்காது. கதையும் துணிவும் இருந்தன. துப்பறியும் தொடருக்கு மனித உடலைவிடப் பொருள்களைத் தெளிவாக வரையும் பழக்கம் முக்கியம். தராசு, ஸ்ட்ராபெரிப் பெட்டி, பூட்ஸ், குடை, லோரியின் முன்பக்கம், பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம், தேயிலைச் சரிவின் வரிசைகள்: இவற்றை நேரில் பார்த்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வரைந்து பழகுங்கள். முகங்களுக்கு வெளிக்கோடு வித்தியாசம் போதும். பாட்டிக்குக் கொண்டை, ஓட்டுநருக்கு அகன்ற தோள், கூட்டாளிக்கு நீண்ட கழுத்து.

பனியும் மையும்

பனிமூட்டத்தை வரையத் தூரிகையைக் கரைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளே பனி. அருகில் உள்ள பொருளுக்குத் தடித்த முழுக்கோடு, நடுத்தூரத்துக்கு மெல்லிய கோடு, தூரத்துக்கு அங்கங்கே விட்டுப்போன கோடு. அவ்வளவே. பனி வரைவது எளிது என்பதால் எல்லாக் கட்டத்தையும் அதால் நிரப்பும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் பனி வந்தால் அது எதையாவது மறைக்க வேண்டும், மறைத்ததைப் பிறகு ஒரு கட்டம் திறந்து காட்ட வேண்டும். மாதிரிக் கதையில் இரண்டாம் நாள் பனி கூட்டாளியை மறைக்கிறது. ஐந்தாம் நாள் அதே பனியிலிருந்து அவர் வெளிப்படுகிறார். மற்ற நாள்களில் பனி வேண்டாம்.

மலையில் ஈரப்பதம் அதிகம். தாள் ஈரத்தை வாங்கிச் சுருளும்; மை கீழ்நாட்டைவிட மெதுவாகக் காயும். வரையும் முன் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, சில நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். கலைந்தால் இன்னும் காத்திருங்கள். வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக மை போட்டால் கை ஈரக்கோட்டின்மேல் படாது. கறுப்பு நிரப்புவதைக் கடைசிக்கு வையுங்கள். அவசரத்துக்கு அடுப்பருகே காய வைப்பது தாளையும் வீட்டையும் கெடுக்கும். முடிந்த தாள்களை மூடியுள்ள பிளாஸ்டிக் கோப்பில், தரையைத் தொடாத அலமாரியில் வையுங்கள்.

கவனம்

கத்தி: தாள் வெட்டும்போது பிளாஸ்டிக் அளவுகோல் வேண்டாம், கத்தி அதைச் சீவிக்கொண்டு விரலுக்கு வரும். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, விரல் நுனிகளை உள்ளிழுத்து, இரண்டு மூன்று மெல்லிய இழுப்பில் வெட்டுங்கள். சிறுவர்கள் வரைந்தால் வெட்டும் வேலையைப் பெரியவர் செய்யட்டும்.

இடம்: கியா பார்ம் சாலையில் படம் எடுக்கவோ வரையவோ வளைவில் நிற்காதீர்கள், பனியில் லோரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. தேயிலைச் சரிவு மழைக்குப் பின் வழுக்கும். தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம். காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நேரம் அருகே போகவே வேண்டாம். கனமழை நாளில் மலைச்சாலையில் மண் சரியும், அன்று வீட்டிலிருந்தே வரையுங்கள். பிரிஞ்சாங் உச்சியின் பாசிக் காட்டுக்குப் போனால் நடைபாதையை விட்டு விலகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள்.

மனிதர்கள்: சந்தையில் உள்ள ஒருவரின் முகத்தைப் பார்த்துக் குற்றவாளியை வரையாதீர்கள். சின்ன ஊரில் அது யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். கடைப்பெயரை மாற்றுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. பழைய நாளிதழ்த் தொடர்களில் வில்லன் பல நேரம் வேற்று நாட்டவராக, வேற்று நிறத்தவராக இருப்பார். அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்காதீர்கள். கேமரன் மலையின் தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். மலைக்கு மூத்தவர்கள் செமாய் மக்கள். புதிதாக வந்தவர் திருடுவார், காட்டில் இருப்பவர் மர்மமானவர் என்று வரைவது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, தீங்கும்கூட. கதைக்கலைக்கும் அது கேடு. வாசகர் எதிர்பார்க்கும் ஆளையே குற்றவாளி ஆக்கினால் துப்பு எதற்கு? மாதிரிக் கதையில் குற்றவாளி கடைக்குள்ளேயே இருக்கும் கூட்டாளி, முதலில் சந்தேகிக்கப்படும் ஓட்டுநர் நிரபராதி. அந்த அமைப்பை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன்.

உரிமை: டிரேசியையோ கிர்பியையோ உங்கள் கதையில் நடமாட விடாதீர்கள், அவர்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படங்களைப் பார்த்து வரைந்து பழகுவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

வெளியிடும் முன்

பன்னிரண்டு பட்டையும் முடிந்ததும், கதை தெரியாத இருவரிடம் பதினொன்றாம், பன்னிரண்டாம் நாள்களை மறைத்துவிட்டுக் கொடுங்கள். குற்றவாளி யார் என்று கேளுங்கள், எதை வைத்துச் சொல்கிறார் என்றும் கேளுங்கள். பெயரைச் சரியாகச் சொல்லி, பூட்ஸைச் சொல்லாவிட்டால், அவர் முகத்தை வைத்து ஊகித்திருக்கிறார். கூட்டாளியின் முகத்தில் கள்ளத்தனத்தை அதிகம் போட்டுவிட்டீர்கள், குறையுங்கள். இருவருக்கும் எதுவும் பிடிபடவில்லை என்றால் ஒன்பதாம் நாள் பூட்ஸைப் பெரிதாக்குங்கள். வசனம் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு பட்டையின் மூலையிலும் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். நகலெடுத்து, நடுவில் தைத்துச் சிறு புத்தகமாக்கலாம். அதைவிட நல்ல வழி, ஒரு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு பட்டையாக அவர் கடைச் சுவரில் ஒட்டுவது. காய்கறி வாங்க வருபவர் நேற்றையதைப் பார்த்துவிட்டு இன்றையதைத் தேடுவார். ஆறாம் நாளுக்குள் யாராவது உங்களிடம் வந்து, ஓட்டுநர் செய்திருக்க மாட்டார் என்று வாதாடுவார். அப்போது எதையும் சொல்லிவிடாதீர்கள். பதினொன்றாம் நாள் வரட்டும்.